தூசும் தூசிப்படையும்: ஆடை வடிவமைப்பில் முன்னணியார் யார்?

நம் கல்லூரியில் ஆடை வடிவமைப்பியல் பயிலும் மாணவி ஒருவர் சென்ற பருவத்தில் தமிழ்த்துறை அறைக்கு வந்து, "ஐயா, அவான்-கார்ட் என்பதற்குத் தமிழில் என்ன எழுதலாம்?" என்று வினவினார். ஆடையைப் பற்றிய ஐயத்தைத் தமிழாசிரியனிடம் கேட்கின்றாரே என்று முதலில் வியந்தேன். பின்னர் அச்சொல்லின் பிறப்பை ஆராயப் புகுந்தபோது, அவர் வந்தது சரியான இடத்திற்கே என்று தோன்றிற்று.

அவான்-கார்ட் என்பது பிரெஞ்சுப் போர்க்களச் சொல்லாகும். பெரும்படைக்கு முன்னே சென்று, வழியறிந்து, பகைவரின் முதல் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும் சிறுபடையை அது குறித்தது. 1825ஆம் ஆண்டளவில் சேன் சிமோன் என்னும் பிரெஞ்சுச் சிந்தனையாளரின் வட்டத்தினர், சமுதாயத்திற்கு முன்னணிப்படையாகக் கலைஞர் விளங்க வேண்டும் என்று எழுதினர். அது முதல் இச்சொல் கலையுலகிற் குடிபுகுந்தது. நம் முன்னோர் இத்தகைய முன்படையைத் 'தூசி' என்றும் 'தார்' என்றும் வழங்கினர். பின்னே வரும் படை 'கூழை' எனப்பட்டது. 'தூசு' என்றாலோ ஆடை. தூசி முன்படை, தூசு உடை! சொற்பிறப்பால் இவ்விரண்டிற்கும் உறவு உண்டென்று நான் வாதிடப் போவதில்லை. ஆயினும் ஆடையுலகின் முன்னணியார் யாவர் என்று ஆராயும் ஒருவனுக்கு இவ்வொலியொற்றுமை ஒரு நல்ல நிமித்தமாகவே பட்டது.

இன்று இச்சொல் மலிந்து கிடக்கின்றது. விளக்கு எரியும் தொப்பியைத் தலையில் வைத்து ஒருவரை மேடையில் நடக்கவிட்டால் அதுவும் அவான்-கார்ட். கிழிந்த காற்சட்டையைப் பெரும் விலைக்கு விற்றால் அதுவும் அவான்-கார்ட். படைக்கு முன்னே ஓடுபவன் எவனும் தூசிப்படையினன் ஆகிவிடுவானா? அவன் ஓடும் வழியே பின்னர் ஒரு படை நடந்தாக வேண்டும். நடவாவிடின், அவன் வழி தவறி ஓடியவனே ஆவான். இவ்வளவுகோலை மனத்திற்கொண்டு, உலகம் ஒப்புக்கொண்ட சிலரின் பணியை நோக்குவோம்.

ஜப்பானியரான ரெய் கவகுபோ அம்மையார் 1942இல் டோக்கியோவிற் பிறந்தவர். கெய்யோ பல்கலைக்கழகத்திற் கலையும் அழகியலும் பயின்ற அவர், தையலோ வெட்டுதலோ முறையாகக் கற்றவரல்லர். நூலிழை உற்பத்தி செய்யும் நிறுவனமொன்றின் விளம்பரப் பிரிவில் பணியாற்றிப் பின்னர் 1969இல் தம் ஆடைகளுக்குக் 'கொம் தே கார்சோன்' என்று பெயரிட்டார். 'சிறுவர்களைப் போல' என்பது அதன் பொருள். 1981இல் அவரும் யோஜி யமமோட்டோவும் பாரிஸ் நகரில் தம் ஆடைகளை முதன்முதலாகக் காட்டினர். அக்காலப் பாரிஸ் உடைகள் இடையை இறுக்கித் தோளை உயர்த்திப் பளபளத்தவை. இவர்கள் கொணர்ந்தனவோ கருநிறத்தவை. உடலைப் பற்றாமல் தொங்குபவை. ஓரம் அடிக்கப்படாமல் பிசிறு தெரிபவை. 1982இல் கவகுபோ காட்டிய கம்பளிச் சட்டையொன்றில் ஆங்காங்கே பெருந்துளைகள் இருந்தன. பின்னல் எந்திரத்தின் திருகாணிகளைத் தளர்த்திவிட்டு, அஃது இழையைத் தவறவிடும்படி செய்து உண்டாக்கிய துளைகள் அவை! அத்துளைகளைப் பின்னல் வேலைப்பாடு என்றே அவர் கூறினார்.

பிழையின்றி நெய்யும்பொருட்டு மனிதன் கண்டுபிடித்த எந்திரத்தைப் பிழை செய்யுமாறு பழக்கியமை இங்குக் கருதத்தக்கது. எல்லாத் துணியும் ஒரே சீராக வரும் காலத்தில், சீரின்மையே கை பட்டதன் அடையாளமாகிவிடுகின்றது. கவகுபோ வெறும் அதிர்ச்சியை நாடினார் எனக் கூறுவோர் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்கவில்லை என்பேன். தம்மிடம் மாதிரி வெட்டும் கலைஞர்களுக்கு அவர் வரைபடம் தருவது அரிது. ஒரு முறை கசக்கிய தாள் ஒன்றைத் தந்து இதுபோல் வேண்டும் என்றாராம். பிறிதொரு முறை, உட்புறம் வெளியே வரும்படி பாதி இழுக்கப்பட்ட தலையணை உறையை நினைத்துக்கொள்ளுமாறு கூறினாராம். யாப்பிலக்கணம் நன்கறிந்த மாணவனுக்கு ஈற்றடியை மட்டும் கொடுத்துப் பாடச் சொல்வதைப் போன்றது இது. வெட்டுபவர் கைத்தேர்ச்சியுடையவராக இருந்தாலன்றி இம்முறை ஒரு நாளும் செல்லாது.

பாரிஸ் இதழாளர் சிலர் அவ்வாடைகளை 'ஹிரோஷிமா நாகரிகம்' என்று எள்ளினர். அணுகுண்டிற்குப் பிந்திய கந்தல் என்றனர். ஜப்பானியர் கறுப்பும் கிழிசலும் உடுத்தினால் அது குண்டு வீச்சின் எச்சமாகத்தான் இருக்க வேண்டும் என்பது அன்னாரின் கணிப்புப் போலும். மெய்யாகவே ஹிரோஷிமாவில் பிறந்த ஓர் ஆடைக் கலைஞர் அப்போது அவர்கள் நடுவே இருந்தார். அவரைப் பற்றி அவர்கள் அறிந்திலர்.

இசே மியாக்கே 1938இல் அந்நகரிற் பிறந்தார். 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் குண்டு விழுந்தபோது அவருக்கு ஏழு வயது. மூன்றாண்டுகளுக்குள் கதிர்வீச்சின் கொடுமையால் தாயை இழந்தார். இச்செய்தியை அவர் நெடுங்காலம் வெளியிடவில்லை. அணுகுண்டிற்குத் தப்பிய வடிவமைப்பாளர் என்னும் முத்திரை தம்மீது விழுவதை அவர் விரும்பவில்லை. 2009இல், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒபாமா ஹிரோஷிமாவிற்கு வர வேண்டுமென வேண்டி நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதிய கட்டுரையில்தான் வாய் திறந்தார். அழிக்கக்கூடியவற்றை விட்டு, ஆக்கக்கூடியவற்றையே எண்ணி வாழ முயன்றமையால் ஆடைத்துறையை நாடியதாக அதில் குறித்தார். 2016இல் ஒபாமா அந்நகருக்குச் சென்றார். மியாக்கே 2022 ஆகஸ்டு 5ஆம் நாள் மறைந்தார்.

என் மதிப்பீட்டில், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய ஆடைக் கலைஞருள் தூசிப்படை என்னும் பெயருக்கு முழுதும் பொருந்துபவர் மியாக்கேயே. 1960களின் நடுவே பாரிஸ் சென்று பெரும் ஆடையகங்களிற் பயின்ற அவர், 1968 மே மாதக் கிளர்ச்சியை நேரிற் கண்டார். சில செல்வர்க்கு மட்டும் தைத்துத் தருவதில் தம் வாழ்நாள் கழியலாகாது எனத் தெளிந்து, 1970இல் டோக்கியோவில் தம் பணிமனையைத் தொடங்கினார்.

அவர் செய்த புதுமையைச் சற்றே விரித்துரைக்க வேண்டும். கொசுவம் வைத்த துணி உலகெங்கும் தொன்றுதொட்டு உள்ளது. முதலில் துணியை மடித்துக் கொசுவம் பிடித்து, அதன் பின்னரே வெட்டித் தைப்பது வழக்கம். மியாக்கே இவ்வரிசையைத் தலைகீழாக்கினார். உடல் அளவைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு பெரிதாக ஆடையை முதலில் வெட்டித் தைத்துவிடுவர். அப்போது அதனைக் கண்டால் யானைக்குத் தைத்ததோ என்று தோன்றும். பிறகு அதனை இரு தாள்களுக்கு இடையே வைத்து, சூடேறிய அழுத்தப் பொறிக்குள் செலுத்துவர். பாலியெஸ்டர் இழை வெப்பத்தில் நெகிழ்ந்து, குளிரும்போது தான் பெற்ற வடிவைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே அம்மடிப்புகள் துவைத்தாலும் நீங்கா. இஸ்திரிப் பெட்டியும் வேண்டியதில்லை. 1988ஆம் ஆண்டு முதல் முயன்று, நடனக் கலைஞர்க்கு உடையளித்து அசைவைச் சோதித்து, 1993இல் 'பிளீட்ஸ் பிளீஸ்' என்னும் பெயரில் அவற்றை அங்காடிக்குக் கொணர்ந்தார். சுருட்டிப் பெட்டியில் வைக்கலாம். பருத்தவரும் மெலிந்தவரும் ஒன்றையே உடுக்கலாம். மூட்டுவலியுடைய முதியவரும் தலைவழி எளிதில் மாட்டிக்கொள்ளலாம். ஆடைக்கலை என்றால் இருபது வயதினர்க்கே உரியது என்னும் எண்ணத்தை இவ்வுடை ஓசையின்றி முறித்தது. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் நாள்தோறும் அணிந்த கறுப்புக் கழுத்துச் சட்டைகளும் மியாக்கே தந்தவையே. மாணவர் பலர் அவரை அதனால் மட்டுமே அறிந்துள்ளனர் என்பது ஒரு வேடிக்கை.

1998இல் தம் உடனுழைப்பாளர் தாய் ஃபுஜிவாராவுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட மற்றொரு புதுமை இதனினும் ஆழமானது. 'ஒரு துண்டுத் துணி' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு 'ஏ-பாக்' என்று பெயரிட்டனர். கணினியால் இயங்கும் பின்னல் எந்திரம் இரட்டைச் சுவருள்ள நீண்ட குழாய்போல் துணியைப் பின்னிக்கொண்டே வரும். சட்டை, பாவாடை, காலுறை, தொப்பி ஆகியவற்றின் எல்லைக்கோடுகள் அக்குழாயிலேயே பின்னப்பட்டிருக்கும். வாங்கியவர் கத்தரிக்கோலை எடுத்துக் கோட்டின்வழி வெட்டினால் உடை கையில் வந்துவிடும். இழை பிரியாது, தையலும் வேண்டா. கை நீளம் குறைய வேண்டுமா, கழுத்து அகல வேண்டுமா என்பதை உடுப்பவரே முடிவு செய்வார். வடிவமைப்பாளன் தன் அதிகாரத்தின் ஒரு பங்கினை உடுப்பவர் கையில் கத்தரிக்கோலாகக் கொடுத்துவிட்டான்!

இங்கே நம் மொழி நினைவிற்கு வருகின்றது. 'துணி' என்பது துணிக்கப்பட்டது. 'அறுவை' என்பது அறுக்கப்பட்டது. 'துண்டு' என்பதும் அவ்வாறே. தறியிலிருந்து அறுத்தெடுத்த அளவே நம்மவர்க்கு ஆடை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று சங்கப் புலவர் ஒருவர் பெயர் தாங்குகின்றாரே, அவர் விற்றதும் அத்தகைய துணியே ஆதல் வேண்டும். புடைவையும் கைலியும் உடுப்பவர் மேனியில்தான் உருப்பெறுகின்றன. ஹஜ்ஜுக்குச் செல்லும் ஆடவர் அணியும் இஹ்ராமும் தையலற்ற இரு துணிகளே அன்றோ? ஜப்பானியக் கிமோனோவும் ஏறத்தாழ ஒரு முழத்தினும் குறைந்த அகலமுள்ள ஒரே நீளத் துணியை நேர்கோட்டுத் துண்டுகளாக வெட்டி, பெரும்பாலும் கழிவின்றித் தைக்கப்படுவது. மியாக்கே அம்மரபிலிருந்து எந்திர யுகத்திற்கு ஒரு பாலம் அமைத்தார் என்பது பொருந்தும். முன்னே செல்பவன் பின்னோக்கிப் பார்க்கலாகாது என்று யார் விதித்தது?

பெல்ஜியம் நாட்டு மார்ட்டின் மார்ஜியேலாவைச் சில வரிகளிற் கூறி மேற்செல்வேன். தம் முகத்தை எங்கும் காட்டாமல், உடையில் பெயர் பொறிக்காத வெண்துணிச் சீட்டொன்றை நான்கு தையல்களால் மட்டும் பற்றவைத்து விற்றவர் அவர். 1989இல் பாரிசின் எளிய மக்கள் வாழும் பகுதியில், ஒரு பாழ்பட்ட விளையாட்டுத் திடலில் தம் காட்சியை நடத்தி, அத்தெருக் குழந்தைகளையும் விருந்தினராக அழைத்தார். உள்ளே மறைய வேண்டிய தையலையும் லைனிங்கையும் வெளியே காட்டினார். தையற்கடை வைத்திருந்த என் மாமா உயிரோடு இருந்து அவற்றைக் கண்டிருப்பின், "வேலை முடியும் முன்பே கடையிலிருந்து தூக்கி வந்துவிட்டானா?" என்றே கேட்டிருப்பார். ஆனால் அத்தையல் எவ்வளவு நேர்த்தியானது என்பதை முதலிற் கண்டுகொண்டிருப்பவரும் அவரே. மார்ஜியேலா 2009இல் தம் நிறுவனத்தை விட்டு விலகினார். பெயரில்லாமை என்னும் அவர்தம் கொள்கையே பின்னாளில் ஒரு விலையுயர்ந்த பெயராக விற்கப்பட்டது.

முன்னணியார் தவறே செய்யாதவர் என்று எண்ணிவிடலாகாது. கவகுபோ 1995 சனவரியில் பாரிசில் ஆடவர் உடைகளைக் காட்டினார். உறக்கம் என்பது கருப்பொருள். கோடிட்ட இரவுடைகளை உடுத்தி, தலை மழித்த இளைஞர் நடந்தனர். நாசிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாம் விடுவிக்கப்பட்டதன் ஐம்பதாம் ஆண்டு நினைவு நாளும் அப்போதே வந்தது. கோடிட்ட உடையும் மழித்த தலையும் அம்முகாமின் கைதிகளை நினைவூட்டவே, யூதர்களிடையே பெருங்கொதிப்பு எழுந்தது. அத்தகைய நோக்கம் தமக்கில்லை என்று கூறி, அவ்வுடைகளைக் கவகுபோ விலக்கிக்கொண்டார். நோக்கம் இல்லை என்பதை நான் நம்புகின்றேன். ஆயினும் உடை என்பது பொதுத்தெருவில் பேசப்படும் மொழி. பேசுபவன் கருதிய பொருளோடு கேட்பவன் உள்ளத்திற் படும் பொருளும் அதற்கு உண்டு. ஹிரோஷிமாவின் பெயரால் எள்ளப்பட்ட ஒருவரே பிறிதொரு மக்களின் புண்ணை அறியாமல் தீண்டினார் என்பது எண்ணுந்தோறும் வருத்துகின்றது.

அதே கவகுபோ 1996 அக்டோபரில், 1997ஆம் ஆண்டிற்கெனக் காட்டிய உடைகள் வேறு வகையின. கட்டம் போட்ட துணிக்குள் திணிப்பு வைத்து, முதுகிலும் இடுப்பிலும் தோளிலும் புடைப்புகள் தோன்றச் செய்தார். கூனும் கட்டியும் போன்ற அவ்வடிவங்களைப் பலர் நகைத்தனர். ஆனால் நடன ஆசிரியர் மெர்ஸ் கன்னிங்ஹாம் அவ்வுடைகளையே தம் கலைஞர்க்கு அணிவித்து அவ்வாண்டே ஒரு நடனத்தை அரங்கேற்றினார். உடல் எவ்வாறு இருந்தால் அழகு என்று வகுத்தவர் யார் என்னும் வினாவை, ஒரு சொல்லும் எழுதாமல் எழுப்பிய உடைகள் அவை. 2017இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடம் கவகுபோவிற்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியது. வாழும் ஆடைக் கலைஞர்க்கு அங்ஙனம் நிகழ்ந்தது, 1983இல் சேன் லோரானுக்குப் பின் அதுவே முதன்முறை. இத்துணைச் சோதனைகளுக்கும் பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் மாணவர்க்கு ஒரு செய்தி: கண்ணுள்ள சிறு இதயக் குறி பொறித்த அந்நிறுவனத்துப் பனியன்கள் உலகெங்கும் விற்பனையாகின்றன, நறுமணப் பொருள்களும் விற்பனையாகின்றன. பனியன் படைக்குச் சோறிடத் தூசி முன்னே செல்கின்றது!

சோறிடும் பனியன் இல்லாதார் பட்ட பாட்டிற்கு ஹுசைன் சாலயான் சான்றாவார். 1970இல் சைப்ரசின் தலைநகரான நிகோசியாவில் துருக்கிய முஸ்லிம் குடும்பத்திற் பிறந்து, சிறு வயதில் இலண்டனுக்குப் பெயர்ந்தவர். 1993இல் கல்லூரி இறுதித் திட்டத்திற்காக இரும்புத் தூளோடு ஆடைகளை மண்ணிற் புதைத்து, துருவேறிய பின் தோண்டியெடுத்துக் காட்டினார். முகத்திரையைப் பொருளாகக் கொண்டு அவர் பின்னர் நடத்திய காட்சியொன்று உண்டு. அதனை அவர் கையாண்ட முறை எனக்கு உடன்பாடன்று. ஆதலின் அதனை இங்கு விரிக்கவில்லை. ஆனால் 2000 பிப்ரவரியில் இலண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் அவர் காட்டியதை எத்துணை முறை கூறினும் தகும்.

மேடையில் ஒரு வரவேற்பறை. சாம்பல் நிற உறையிட்ட நாற்காலிகள். நடுவே வட்ட மரமேசை. பெண்கள் வந்து உறைகளைக் கழற்றி உடுத்துகின்றனர்; அவை உடைகளாகின்றன. நாற்காலிகளை மடிக்கின்றனர், அவை பயணப் பெட்டிகளாகின்றன. இறுதியில் ஒருவர் மேசையின் நடுவட்டத்தை எடுத்துவிட்டு அதனுள் நின்று, மரவளையங்களை மேலிழுத்து இடையில் மாட்டிக்கொள்கின்றார், மேசை பாவாடையாகின்றது. அறை வெறுமையாகிவிடுகின்றது. சைப்ரசின் இனப்பூசலில் வீடிழந்து ஓடிய மக்களையும், அக்காலத்திற் கொசோவோவிலிருந்து ஓடியவர்களையும் எண்ணி அமைத்த காட்சி இது. இரவோடிரவாக வீட்டைவிட்டுப் போக நேர்ந்தால் எதை எடுத்துச் செல்வாய், எதை விட்டுச் செல்வாய்? வகுப்பில் இதனை விவரித்தபோது மாணவியர் நெடுநேரம் வாளாவிருந்தனர். 1999, 2000 ஆகிய ஈராண்டுகளும் பிரித்தானியாவின் சிறந்த வடிவமைப்பாளர் விருதைப் பெற்ற சாலயான், 2001 தொடக்கத்தில் கடன் சுமையால் தம் நிறுவனத்தைக் கலைக்க நேர்ந்தது. பின்னர் மீண்டும் எழுந்தார். முன்படைக்கே முதல் அடி.

இன்றைய நிலைக்கு வருவோம். மேடையிற் காட்டும் ஒரு வடிவம் அன்று மாலையே கைப்பேசிகளில் உலகைச் சுற்றி வந்துவிடுகின்றது. சில வாரங்களில் அதன் மலிவுப் படி கடைகளிற் தொங்குகின்றது. ஆதலின் வடிவத்தால் மட்டும் முன்னே செல்வது இயலாததாயிற்று. 2022இல் பாரிசில், மேடையில் நின்ற பெண்ணின் மீது நீர்மத்தைத் தெளித்து, அது உலர்ந்து உடையானதைக் கோடிக்கணக்கானோர் கண்டு வியந்தனர். அந்நீர்மத்தைப் பல்லாண்டு உழைத்துக் கண்டவர் மானெல் தோரஸ் என்னும் ஸ்பானியர். முன்னணியார் என்னும் சொல்லை நான் அவருக்கே தருவேன், மேடைக்கு அன்று. நெதர்லாந்தின் ஐரிஸ் வான் ஹெர்ப்பன் 2010 முதல் முப்பரிமாண அச்சுப் பொறியால் உடை செய்து வருகின்றார். அறிவியலாரோடும் கட்டடக் கலைஞரோடும் கூடி உழைக்கும் அவர் முறை பாராட்டத்தக்கது. அவ்வுடைகள் எவர் வீட்டு அலமாரிக்கு வரும் என்பது வேறு வினா.

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சவாரில் ராணா பிளாசா என்னும் எட்டடுக்குக் கட்டடம் இடிந்தது. மேலைநாட்டுக் கடைகளுக்குத் தைத்துக்கொண்டிருந்த தொழிலாளர் உள்ளிட்ட 1,134 பேர் மாண்டனர். முதல் நாளே சுவரில் வெடிப்புக் கண்டும் அவர்கள் வேலைக்கு வருமாறு வற்புறுத்தப்பட்டனர். அன்று முதல் ஆடைக்கலையின் போர்க்களம் இடம் மாறிவிட்டது என்பது என் துணிபு. இவ்வுடை எத்துணைப் புதிது என்பதனோடு, இதனைத் தைத்தவர் எவர், எத்துணை மணி நேரம் தைத்தார், வெட்டிய துணியில் எவ்வளவு குப்பைக்குப் போயிற்று என்னும் வினாக்களும் சேர்ந்தன. வெட்டும் மேசையிலேயே ஏறத்தாழ 15 விழுக்காட்டுத் துணி வீணாகின்றது என்பது தொழில்துறையில் வழங்கும் கணக்கு. இதனை எண்ணும்போது, கழிவையும் தையலையும் ஒருங்கே ஒழிக்க 1998இல் மியாக்கே செய்த முயற்சி எத்துணை முன்னே சென்றது என்பது விளங்கும். அவ்வழியில் இன்னும் பெரும்படை நடந்து முடியவில்லை.

அம்மாணவிக்குத் 'தூசிப்படைக் கலைஞர்' என்று எழுதிக் கொடுத்தேன். படிப்பவர் தூசு தட்டும் வேலை என்று எண்ணிக்கொள்வர் என அவர் சிரித்தார். 'முன்னணியார்' என்பதே போதுமென்று முடிவு செய்தோம். இருமாதம் கழித்து மீண்டும் வந்தார். நான்கு மீட்டர்ப் பருத்தித் துணியை நேர்கோட்டில் மட்டும் வெட்டி ஒரு முழு அங்கி தைத்திருந்தார். மிஞ்சிய துண்டுகளை ஒரு சிறு உறையில் இட்டுக் கொணர்ந்து என் மேசைமேல் வைத்தார். என் உள்ளங்கையை அவை நிரப்பவில்லை. காஜா மட்டும் தமக்குச் சரியாக வரவில்லை என்றும், கடைத்தெருவில் உள்ள முதிய தையற்காரர் ஒருவரிடம் அமர்ந்து கற்று வருவதாகவும் கூறினார்.